முடுக்கு வழியாக வந்தவள்

1

எங்கள் கட்டிடத்தில் நைட்டியோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. இருந்தாலும் என் மகள் ஹனா, "உம்மா, கீழ போகும்போதாவது நல்ல உடுப்பாப் போட்டுட்டுப் போ, ப்ளீஸ்" என்று கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள். நானா கேட்பேன்? மேலே ஒரு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பதினெட்டாவது மாடியிலிருந்து ஜம்மென்று இறங்கிவிடுவேன். இந்த ஹாங்காங்கில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியாயிற்று. இனிமேல் யாருக்காக வேஷம் கட்ட?

போன மழைக்காலத்தில் ஒரு காலை. லிஃப்டில் பன்னிரண்டாவது மாடிச் சீனத்து மூதாட்டி ஏறினார். ச்சான் வீட்டம்மா என்று அழைப்போம். கைப்பைக்குள் தலையையே விட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் என் நைட்டியின் வலது பக்கத் தையலுக்குள் கையை விட்டேன். சாவி, போன், மடித்து வைத்த சந்தைப் பை, ஒரு பேரீச்சம்பழம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பழத்தை அவருக்கு நீட்டினேன். அந்த அம்மாள் பழத்தைப் பார்க்கவே இல்லை. என் இடுப்பையே உற்றுப் பார்த்தார். பிறகு, கூச்சமே இல்லாமல், மணிக்கட்டு வரை தன் கையை என் பைக்குள் விட்டுத் துழாவினார்.

"எங்கே வாங்கினாய்?"

"தங்கச்சி தைத்தது" என்றேன், என் சந்தைக்கடைக் கண்டோனீஸில்.

தனக்கு ஒன்று வேண்டும், நீலத்தில், பூ பெரிதாக இருக்கட்டும் என்றார். லிஃப்ட் கீழே வந்து, கதவு திறந்து, மறுபடி மூடப் பார்த்தது. அவர் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

சிரிப்பு தாங்காமல் அன்றைக்கே காயல்பட்டினத்தில் இருக்கும் தங்கச்சிக்குக் குரல்செய்தி அனுப்பினேன். "ஏளா நபீசா, உன் நைட்டிக்குச் சீனாக்காரி ஒருத்தி வாடிக்கை வந்தாச்சு!" விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று காத்திருந்தேன். வந்த பதிலில் சிரிப்பு இல்லை.

"லாத்தா, அது கிடக்கட்டும். ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எப்படிக் கேக்கன்னு தெரியல. ஒங்க முன்கூடத்தை எனக்குக் கடை வைக்கத் தாரியளா?"

நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அடுப்பில் வைத்த சோறு குழையும் வரை அப்படியே நின்றேன்.

2

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காயலில் வீட்டுக்கு இரண்டு முகம். முன்னால் தெரு, அது ஆண்களுக்கு. பின்னால் முடுக்கு. வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே ஓடுகிற ஒடுக்கமான சந்து அது. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். அது எங்களுக்கு. ஆண்பிள்ளை யாராவது தப்பித்தவறி அதற்குள் வர நேர்ந்தால் தூரத்திலேயே செருமிக்கொண்டு வரவேண்டும். பாவம், தொண்டை காய்ந்துவிடும்.

வெளியாட்கள் இதைக் கேட்டால் "அடப்பாவமே, அடைச்சு வச்சிருந்தாங்களா?" என்பார்கள். எனக்கு ரோஷம் வரும். முடுக்குக்குள் நாங்கள் ராணிகள். தலையில் துணி இருந்ததோ இல்லையோ, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்வருவோம். வாப்பாமார் எல்லாரும் சபரில், அதாவது கடல் கடந்த பிழைப்பில், கொழும்பிலும் சவுதியிலும் இருக்க, ஊரை நடத்தியது அந்தச் சந்துதான். வட்டிலப்பம் போகும், வளையல் வரும், கல்யாணப் பேச்சு போகும், வம்பு வரும். ஒரு புடவை மூட்டை முடுக்கின் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனைக்கு வெறும் மூட்டைத்துணியாகத்தான் வெளியே வரும்.

இன்னொன்று, எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். உம்மா மவுத்தாவதற்கு முன்பே எங்கள் வீட்டை இரண்டாக எழுதி வைத்துவிட்டாள். தெருவைப் பார்த்த முன்கூடம் மூத்தவள் எனக்கு. முடுக்கைப் பார்த்த பின்கட்டு நபீசாவுக்கு. என் கல்யாணக் கட்டில் கிடந்த அறை அந்த முன்கூடம். அதைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன். அன்றிலிருந்து அந்தச் சாவி என் சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. என் மாப்பிள்ளை மொகுதூம் முத்து வியாபார ஆபீசில் வேலை பார்க்கிறார். முத்துக்குளித்த கரையில் பிறந்தவர், சீனத்துக் குளத்தில் வளர்த்த முத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார். அது வேறு கதை. அவர் வேலைக்குப் போன ஒரு காலையில் வட்டிலப்பம் அவித்தேன். மூன்று மாடி கீழே எங்கள் ஊர் மாமி ஒருவர் இருந்தார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லிஃப்டில் என்றால் அந்நிய ஆண்களோடு முட்டிக்கொண்டு நிற்கவேண்டும். தாழ்வாரத்தின் பின்கோடியில் கனமான கதவு ஒன்று கண்ணில் பட்டது. தள்ளிப் பார்த்தால் ஒடுக்கமான படிக்கட்டு, இரண்டு பக்கமும் சுவர், ஒரு ஆண்பிள்ளை இல்லை. "அட, இங்கனயும் முடுக்கு வச்சிருக்கான் மனுஷன்!" என்று மனம் குளிர்ந்துபோனது.

அது தீப்பிடித்தால் ஓடுவதற்கான படிக்கட்டு. உள்ளே போனால் எந்த மாடியிலும் கதவு திறக்காது. தட்டினேன், இடித்தேன், "மாமி, மாமி" என்று கத்தினேன். கடைசியில் கீழே வரை இறங்கி, அங்கே இருந்த இரும்புக் கம்பியை அழுத்தியதும் பாருங்கள் ஒரு சத்தம், உலகம் அழிகிற கியாமத்து நாள் வந்துவிட்டது போல. காவலாளி அலறிக்கொண்டு ஓடி வந்தார். நான் கையில் வட்டிலப்பத்தோடு நின்றேன். கடைசியில் அதை அவர்தான் தின்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கனவு. விடியப்போகிற நேரத்தில் வரும். அந்தத் தீப்படிக்கட்டில் இறங்குகிறேன். இறங்க இறங்கச் சுவர் ஈரமாகிறது, சுண்ணாம்பு வாடை வருகிறது, கஞ்சி போட்ட துப்பட்டி மணம் வருகிறது. படிகள் முடிந்து மணலில் கால் படுகிறது. முடுக்குக்குள் நிற்கிறேன். எங்கோ தையல் மெஷின் ஓடுகிறது. நான் மட்டும் நடக்கிறேன். பின்கட்டு தாண்டி முன்கூடத்துக் கதவு. கீழ் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே ஹனாவுக்குக் கல்யாணம், எல்லாரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். சாவி என் கையில்தான் இருக்கிறது. அதைப் பூட்டுக்குள் விடுகிற நேரத்தில் விழித்துக்கொள்வேன்.

இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கதவு திறந்ததில்லை.

3

நபீசா நைட்டிக்குப் பை வைத்தது பெரிய யோசனையில் அல்ல, ஆத்திரத்தில்தான். அவள் மாப்பிள்ளை காதர் சவுதியிலிருந்து கூப்பிடும் நேரமெல்லாம் போன் அலமாரியில் இருக்கும், இவள் முடுக்கில் நிற்பாள். ஓடி வருவதற்குள் மணி நின்றுவிடும். "எங்க போற எப்பப் பார்த்தாலும்?" என்று அவர் சந்தேகப்பட, இவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே உடுத்தியிருந்த நைட்டியின் தையலைப் பிரித்து, பழைய தலையணை உறையை வெட்டி உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள்.

அடுத்த வீட்டுக்காரி கேட்டாள். அதற்கடுத்தவள் கேட்டாள். முடுக்கு என்றால் சும்மாவா? பெருநாளுக்குள் அந்தச் சந்து முழுக்கப் பை. இப்போது பின்கட்டில் ஆறு பெண்கள் தைக்கிறார்கள். ஒருத்தி மாப்பிள்ளை விட்டுப் போனவள், ஒருத்தி மூன்று பிள்ளைகளோடு விதவை, மற்றவர்கள் "எனக்குன்னு ஒண்ணு வேணும் லாத்தா" என்று வந்தவர்கள். நானும் என் பங்குக்கு இங்கே சாம்சுய்போ துணிச்சந்தையில் முத்துப் போன்ற பொத்தான்களாகப் பொறுக்கி, ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் கொடுத்தனுப்புவேன். முத்துக்குளித்த கரைக்கு நான் பிளாஸ்டிக் முத்து அனுப்புகிறேன். கொற்கை ராஜாக்கள் மன்னிக்கட்டும்.

போன வருஷம் காதரின் கம்பெனியை மூடிவிட்டார்கள். மனிதர் ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பது நைட்டியால்தான்.

அப்போதுதான் ரோஸ்லின் வந்தாள். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் விற்கிறவள். அவளுடைய உறவுக்காரி ஒருத்தி ஆத்தூர்ச் சந்தையில் பை வைத்த நைட்டியோடு வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, விசாரித்து, பஸ் பிடித்துக் காயலுக்கு வந்துவிட்டாள். தெருவைக் கண்டுபிடித்தாள், வீட்டைக் கண்டுபிடித்தாள், முன்கதவைத் தட்டினாள். தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். என் முன்கூடம் பூட்டிக் கிடக்கிறது. பின்கட்டில் ஆறு மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பிள்ளை பார்த்து, முடுக்கைக் காட்டி, உள்ளே கூட்டிவந்து விட்டது. வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றவள் முதலில் கேட்ட கேள்வி இது:

"ஏளா, ஒன் வீட்டுக்கு வாசலே இல்லியா?"

நபீசா இதைச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது. "லாத்தா, பொறந்ததுல இருந்து இந்த வீட்டுல இருக்கேன். ஒருத்தியும் என்னைய அப்படிக் கேட்டதில்ல."

ரோஸ்லினுக்குச் சரக்கு பிடித்துப்போனது. மீன்காரிக்கு ஏற்றபடி பையின் உள்ளே நனையாத துணி, வாயில் ஜிப்பு. கடற்கரை ஊர்களில் இருக்கிற தன் கூட்டாளிப் பெண்களுக்கெல்லாம் விற்றுத் தருவதாகச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை. "எங்க பொம்பளைங்க சரக்கை விரிச்சுப் பாத்து, ஒடம்புல வச்சுப் பாத்து, பேரம் பேசித்தான் எடுப்பாளுவ. ஒன் சந்துக்குள்ள நான் ஒருத்தி நுழையதுக்கே மூச்சு முட்டுது. கிறிஸ்துமசுக்குள்ள தெருவுல ஒரு கடை போடு. இல்லன்னா கோவிச்சுக்காத, நான் ஈரோட்டுச் சரக்குக்குப் போயிருவேன்."

நியாயம்தானே? முடுக்கு ஊர்க்காரிக்குத் தெரியும். வெளியூர்க்காரிக்கு எப்படித் தெரியும்?

4

நகராட்சியில் கடைக்கு லைசென்சு வாங்கவும் வீட்டுக் கரண்டைக் கடைக் கரண்டாக மாற்றவும் வீட்டுக்காரி சம்மதம் வேண்டும். வீட்டுக்காரி நான். எங்கள் உம்மாவின் தம்பி, மாமா, ஊரில் இருக்கிற ஒரே பெரியவர். அவர் முதலிலேயே தலையை ஆட்டிவிட்டார். "நம்ம தெருவுல இதுவரைக்கும் ஒரு பொம்பளை கடையில உக்காந்திருக்காளா? முடுக்குல தைக்காதன்னு யாரும் சொன்னமா? சொல்லுதேன் கேளு, நாலு பேரு வாயில விழுந்து எந்திரிக்க முடியாது." நல்ல மனிதர். எங்கள் வாப்பா மவுத்தான பிறகு எங்களைத் தூக்கி வளர்த்தவர். அவரை எதிர்த்துப் பேச நபீசாவுக்கு நாக்கு எழவில்லை. ஆகையால் எல்லாம் என் தலையில் வந்து விடிந்தது.

மொகுதூமிடம் சொன்னேன். அவர் சாந்தமான ஆள். முத்தைப் பார்க்கிற மாதிரியே எதையும் உருட்டி உருட்டிப் பார்ப்பார்.

"குடுக்கலாம். ஆனா ஹனாவுக்கு மாப்பிள்ளை வந்தா எங்க தங்க வைப்ப?"

"அதான் நானும் யோசிக்கேன்."

"இந்த பிளாட்டுலன்னா அவனை பிரிட்ஜுக்கு மேலதான் படுக்கப் போடணும்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் இந்தத் தீப்பெட்டி வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததே அந்த ஒரு அறையை நம்பித்தானே? தெருவில் பந்தல், முன்கூடத்தில் என் கட்டில், அதில் என் மகள், வாசலில் பெட்டியோடு இறங்குகிற மருமகன். அந்த நாளில் நாங்களும் ஊர் திரும்பிவிடுவோம். இதுதான் கணக்கு. முன்கூடம் கடையானால் நான் எங்கே திரும்பிப் போவது? நபீசாவின் பின்கட்டில் விருந்தாளியாகவா?

ஹனா அப்போது சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பும் காதுமாக இருந்தாள். சரக்குப் போக்குவரத்துப் படிப்பு. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியும். உம்மா எங்கே நிற்கிறாள் என்று தெரியாது. கோபம் வந்தால் அவளுக்குக் கண்டோனீஸ் வரும், எனக்குக் காயல் தமிழ் வரும். நடுவில் அவள் வாப்பா இங்கிலீஷில் சமாதானம் பேசுவார். எங்கள் வீட்டு ஐக்கிய நாடுகள் சபை.

அன்றைக்கு அவள் கோபப்படவில்லை. காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழிலேயே கேட்டாள்.

"உம்மா, அந்த ரூம் எனக்கா?"

"பின்னே யாருக்கு?"

"நான் அங்க இருக்க மாட்டேன். நான் பலவாட்டி சொல்லிட்டேன். நீ கேக்கல."

"கல்யாணம்ன்னு ஒண்ணு வந்தா எல்லாம் மாறும்."

"மாறாது உம்மா." சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். "காலி ரூமைப் பூட்டி வச்சா, நான் உள்ள வந்துருவேனா? அங்க நபீசா சாச்சிக்கு இடம் இல்ல. ஆறு பேருக்கு இடம் இல்ல. நான் இல்லாத ரூம்ல என்னைய வச்சுப் பூட்டி வச்சிருக்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "வாயாடி! பெத்தவளுக்குப் புத்தி சொல்ல வந்துட்டா" என்று கத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அழுதேன். நன்றாகவே அழுதேன். பிள்ளை சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு அழுகை வந்திருக்காது.

விடியப்போகும் நேரத்தில் அதே கனவு. படி, ஈரச்சுவர், மணல், மெஷின் சத்தம். இந்த முறை முன்கூடத்துக் கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாருமே இல்லை. சத்தமெல்லாம் என் முதுகுப்பக்கம், பின்கட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

5

இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனேன். நபீசாவுக்கான சம்மதக் காகிதத்தில் கையெழுத்து அத்தாட்சி ஒன்று வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போட்டோவின் பின்புறம் வெள்ளையாக இருக்கவேண்டுமாம். என்னுடையது கொஞ்சம் நீலம். மறுபடி எடுத்துக்கொண்டு போனால் சாட்சிக்கு இரண்டு பேர். மொகுதூமையும் மூன்று மாடி கீழே இருக்கிற அந்த ஊர் மாமியையும் இழுத்துக்கொண்டு போனேன். சன்னலுக்குள் இருந்தவர் இந்தியில் ஏதோ கேட்டார். படபடப்பில் எனக்கு வாயில் வந்தது கண்டோனீஸ். நம் நாட்டு அலுவலகத்தில், நம் நாட்டுக் கொடிக்குக் கீழே நின்றுகொண்டு "ம்கோய், ம்கோய்" என்று சீனத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாமி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எதற்காக இந்தச் சம்மதம்?" என்று சன்னல்காரர் இங்கிலீஷில் கேட்டபோது மட்டும் நிதானமாகப் பதில் சொன்னேன். "என் தங்கச்சி கடை வைக்கிறாள்." சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படியொரு வாக்கியத்தை யாரும் இதற்கு முன் சொன்னதில்லை.

காகிதம் ஊர் போய்ச் சேர்ந்தது. லைசென்சும் கிடைத்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தால், ஒரு மத்தியானம் நபீசாவின் வீடியோ அழைப்பு. பின்கட்டிலிருந்து முன்கூடத்துக்குப் போகிற பூட்டிய கதவுக்கு முன்னால், நடையில் எல்லாரும் நிற்கிறார்கள். நபீசா, காதர், தைக்கிற பெண்கள், நடுவில் நாற்காலியில் மாமா.

"சுலைகா," என்றார் மாமா, போனுக்கு மிக அருகில் வந்து. அவருடைய மூக்கு மட்டும்தான் தெரிந்தது. "கடை வையுங்க, நான் வேண்டாங்கல. நீ குடுத்த பெறகு எனக்கென்ன? ஆனா உம்மா உன் கையில குடுத்த சாவி அது. பூட்டைத் திறக்கது நீயா இருக்கணும். லீவுக்கு வா, வந்து பிஸ்மி சொல்லித் திற. அதுவரைக்கும் பொறுக்கட்டும்."

என் லீவு ரம்ஜானுக்குப் பிறகுதான். கிறிஸ்துமசுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவருக்கும் அது தெரியும். ரோஸ்லின் ஈரோட்டுக்குப் போனால் தானாக எல்லாம் அடங்கிவிடும் என்று மனதில் ஓட்டம். கெட்ட எண்ணம் இல்லை, பயம். நபீசா தலையைக் குனிந்துகொண்டாள். காதர் சுவரைப் பார்த்தார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, மாப்பிள்ளை விட்டுப் போனவள், என்னையே பார்த்தாள். திரையில் விரற்கடை அளவு முகம். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் பார்வை என்னைச் சுட்டது.

எதிரே ஆணியில் சாவி தொங்கியது.

"மாமா, நீங்க சொல்லுதது சரிதான்" என்றேன். "நான்தான் திறக்கணும். இப்பவே திறக்கேன். ஏளா நபீசா!"

"லாத்தா?"

"பூட்டை உடை."

மாமாவின் மூக்கு திரையிலிருந்து விலகியது.

"என்னளா பாக்க? என் பூட்டு, நான் சொல்லுதேன். பிஸ்மி சொல்லி உடை."

காதர் சுத்தியல் தேடிக்கொண்டு ஓடினார். அவர் வரும் வரைக்கும் நபீசா நிற்கவில்லை. அடுக்களைக்குள் போனாள், அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் அடியில் பூட்டு நகரவில்லை. இரண்டாவதில் தாழ்ப்பாள் வளைந்தது. அடுத்து விழுந்த அடியில் போனே அதிர்ந்து கீழே விழுந்துவிட்டது. எனக்கு உத்திரம் மட்டும் தெரிந்தது. சத்தம் கேட்டது. கதவு முனகித் திறப்பது கேட்டது. பெண்கள் குரவையிட்டதும் கேட்டது. எங்கள் வீடுகளில் அது கல்யாணத்துக்குத்தான் எழும்பும்.

போனை யாரோ எடுத்தார்கள். தூசியில் நபீசா இருமிக்கொண்டிருந்தாள். "லாத்தா, கட்டில் அப்படியே கிடக்கு. அதை என்ன செய்ய?"

"பலகையைப் போட்டு அதுமேல துணி வெட்டு" என்றேன். ஹனா பின்னாலிருந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கி, "சாச்சி, கங்கிராட்ஸ்" என்றாள்.

6

ரம்ஜான் கழித்து நானும் ஹனாவும் ஊருக்குப் போனோம். அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "கடையைப் பாக்கணும்" என்றாள், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது என்று விமானத்தில் ஏறும் முன்பே என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

தூத்துக்குடியிலிருந்து ஆட்டோ. உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்ததும் ஹனா எட்டிப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். எனக்கு அரைத்தூக்கம். கனவில் வருகிற அதே வழியில் யாரோ என்னை ஆட்டோவில் வைத்து ஓட்டிப்போவது போல இருந்தது. ஆத்தூர்ப் பாலத்தில் வெற்றிலைக்கொடி வாடை முகத்தில் மோதியபோதுதான் இது கனவில்லை என்று உறைத்தது. பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று கேட்காதீர்கள், தெரியாது.

எங்கள் தெரு முனையில் ஆட்டோ திரும்பும்போது நான், "நிறுத்துங்க" என்றேன். "ஹனா, நீ பெட்டியோட முன்னால போய் நில்லு. நான் பின்னால போய்க் கதவைத் திறக்கேன்."

இதைச் சொன்னது என் வாய் மட்டும்தான். புத்தி பக்கத்தில் இல்லை. முன்கதவு எப்போதும் பூட்டியிருக்கும், யாராவது பின்னால் போய் உள்ளிருந்து திறக்கவேண்டும். பிறந்ததிலிருந்து கால் படித்த பாடம் அது. ஹனா என்னை ஒருமாதிரி பார்த்தாள். நான் அதற்குள் முடுக்கில் இறங்கிவிட்டேன்.

சுவர் ஈரமாகத்தான் இருந்தது. கஞ்சி மணமும் இருந்தது. எதிரே வந்த எங்கள் மாமி, மாமாவின் மனைவி, நடு முடுக்கில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கையில் புது நைட்டிப் பொட்டலம். "மாமா இன்னும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாம போறாவ. அதான் நான் முடுக்கு வழியா வாங்கிட்டுப் போறேன், சொல்லிராத" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

எங்கள் பின்கதவு மூடியிருந்தது. தட்டினேன். உள்ளே மெஷின்கள் ஓடுகிற சத்தம். "நபீசா! ஏளா, நான்தான்!" யாருக்குக் கேட்கும்? கதவைத் தள்ளினால் உள்ளே துணிக்கட்டுகள் அடுக்கியிருந்தன போல, அசையவில்லை. தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். கை வலித்தபோதுதான் ரோஸ்லின் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்கு வாசல் இல்லையா?

திரும்பி நடந்தேன். முடுக்கு முடிந்து தெருவில் கால் வைத்தேன். நடு மத்தியானம். இந்தத் தெருவில், இந்த நேரத்தில், நான் ஒருநாளும் நடந்ததில்லை. ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. எதிர்வீட்டு ஆண்கள் யாரோ பார்த்தார்கள், சலாம் சொன்னார்கள், நானும் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. முகத்தில் வெயில் பட்டது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். மேலே பலகை: நபீசா தையலகம். அதற்குக் கீழே, பை வைத்த நைட்டி கிடைக்கும். இரண்டு கதவும் அகலத் திறந்து சுவரோடு சுவராகக் கிடந்தன. உள்ளே நடைக்கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஒரு குழி. உள்ளே என் கட்டிலின் மேல் பலகை, பலகையின் மேல் நீலத்துணி. சுற்றிலும் கடற்கரைப் பெண்கள், ஆளுக்கொன்றை மார்பில் வைத்துப் பார்த்துக்கொண்டு, ஒரே இரைச்சல். எனக்குக் கையில் சாவி, திறக்க ஒன்றும் இல்லை. வாசற்படியில் நின்றுவிட்டேன்.

நபீசா குனிந்து யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததைப் பார்த்து, தலை நிமிராமலே, "வாங்க, உள்ள வாங்க. என்ன சைசு?" என்றாள்.

கட்டிலின் அந்தப் பக்கம், பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு பொத்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்த ஹனா என்னைப் பார்த்துவிட்டாள். "உம்மா! எங்க போனே? வாசல் இங்கதான இருக்கு!"

நபீசா நிமிர்ந்தாள். அளவு நாடா அவள் கையிலிருந்து நழுவியது. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல். மீன்கூடையோடு வந்த பெண் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், என் தோளைத் தட்டினாள்.

"ஏளா, வாசல்ல நிக்காத. உள்ள போறதுன்னா போ, இல்லன்னா வழிய விடு."

உள்ளே போனேன்.